கிடைக்கோடு

ஜனவரி 6, திங்கள்

இந்த ஆண்டு நாட்குறிப்பில் வேதியியல் எழுதுவதில்லை என்று ஒன்றாம் தேதி தீர்மானித்தேன். ஆறாம் தேதி வரை தாங்கியதே பெரிது.

காலையில் மூன்று மின்னஞ்சல்கள். முதலாவது, வளாகத்தில் குரங்குகளுக்கு உணவளிக்கக் கூடாது என்ற பதிவாளரின் சுற்றறிக்கை. இரண்டாவது, என்னை உலகின் தலைசிறந்த விஞ்ஞானிகளில் ஒருவர் என்று விளித்து, மாநாட்டில் பேச அழைத்து, அப்படிப் பேச நான் எவ்வளவு கட்ட வேண்டும் என்றும் தெரிவித்த கடிதம். மூன்றாவது அஸ்ஸாமிலிருந்து. பிரணிதா போரா, ஆய்வு மாணவி, ஐந்தாம் ஆண்டு. என் 2006ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி.

கட்டுரை இதுதான். ஒரு மூலக்கூறு. அதன் ஒரு முனை எலக்ட்ரானைக் கொடுக்கும், மறுமுனை வாங்கிக்கொள்ளும், நடுவில் ஒரு பாலம். எலக்ட்ரான் கடப்பதற்கு மூலக்கூறு சற்று நெளிந்துகொடுக்க வேண்டும். மேடு ஏறி இறங்குவது போல. குளிரவைத்தால் நெளிவு குறையும், கடக்கும் வேகமும் குறையும். ஆனால் கடுங்குளிரில் எலக்ட்ரான் மேடு ஏறுவதை விட்டுவிட்டு மேட்டின் ஊடாகவே போய்விடும். குவாண்டம் இயற்பியல் அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறது. அதன்பின் எவ்வளவு குளிரவைத்தாலும் வேகம் மாறாது. வரைபடத்தில் கோடு கிடையாகப் படுத்துவிடும். மற்ற ஆய்வகங்களில் அது மிகக் கடைசியில்தான் படுத்தது. திருநெல்வேலியில், எங்கள் ஆய்வகத்தில், மைனஸ் அறுபது டிகிரியிலேயே படுத்தது. அங்கிருந்து மைனஸ் நூற்றுத் தொண்ணூறு வரை முப்பத்தெட்டுப் புள்ளிகள், நூல் பிடித்தாற்போல. என் வேலை, இரண்டு விருதுகள், மார்ச் மாதம் நேர்காணல் நடக்கப்போகும் பேராசிரியர் பதவி எல்லாம் அந்தக் கோட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

பிரணிதாவின் கோடு மைனஸ் அறுபதில் படுக்க மாட்டேன் என்கிறது. சரிந்துகொண்டே போகிறது. "திருநெல்வேலிக் கட்டுரையைப் பார், கோளாறு உன் கருவியில்தான்" என்கிறாராம் அவளுடைய வழிகாட்டி. ஆகவே கேள்வி: உங்கள் கருவி மைனஸ் நூற்றுத் தொண்ணூறு காட்டியபோது, குழாய்க்குள் மூலக்கூறைக் கரைத்திருந்த கரைப்பான் எந்த நிலையில் இருந்தது? திரவமா, திடமா?

முந்நூற்று நாற்பது பேர் மேற்கோள் காட்டிய கட்டுரை. பத்தொன்பது ஆண்டுகளில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. நல்ல கேள்வி. நாளை பதில் எழுத வேண்டும்.

தோசை மாவு புளித்துவிட்டது.

ஜனவரி 9, வியாழன்

பதில் அனுப்பிவிட்டேன். "கரைப்பான் எதிர்பார்த்த நிலையிலேயே இருந்தது." நான்கு முறை திருத்திய வாக்கியம். இதில் பொய் எதுவும் இல்லை. எதிர்பார்த்தவர் யார் என்று அவள் கேட்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் உரிய நேரத்தில் பொங்கியது. வெப்பமானி தேவைப்படவில்லை.

ஜனவரி 22, புதன்

பிரணிதா நன்றி தெரிவித்து எழுதியிருக்கிறாள். என் பதில் மிகத் தெளிவாக இருந்ததாம். வழிகாட்டியிடம் காட்டினாளாம். அவர் கருவி முழுவதையும் பிரித்துத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டார். ஐந்து வாரம் ஆகும். மார்ச் 31உடன் அவளுடைய பதிவுக்காலம் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஐந்தாண்டு உழைப்பும் போயிற்று. இதை அவள் புகாராக எழுதவில்லை, தகவலாக எழுதியிருந்தாள். புகாராக எழுதியிருந்தால் கோபப்படவாவது வசதியாக இருந்திருக்கும்.

மதியம் துறைத்தலைவர் சிவசைலம் என் அறைக்கு வந்தார். நல்ல மனிதர். ஆராய்ச்சியை விட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறது.

"மேடம், மார்ச் பன்னெண்டு இன்டர்வியூ. பயோடேட்டாவுல அந்தக் கிடைக்கோட்டுப் பேப்பரை மொத பக்கத்துல போட்டிருக்கியளா?"

"போட்டிருக்கேன் சார்."

"அதுக்கு மட்டும் பதினஞ்சு மார்க்கு. கலர்ல போடுங்க."

"அது கறுப்புக் கோடு சார்."

"அப்பம் பின்னாடி நீலம் குடுங்க."

அந்தக் கோட்டை அவர் ஏற்கனவே துறை வாசலில் கிரானைட்டில் செதுக்கி வைத்திருக்கிறார். பெயர் எதுவும் இல்லாமல், பளபளக்கும் கல்லில் நீளமாக ஒரு கோடு. தண்ணீர் கேன் போட வந்தவர் ஒருமுறை என்னிடம் குரலைத் தாழ்த்தி, "யாருக்கு மேடம் மூச்சு நின்னுச்சு?" என்று விசாரித்தார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

என் கணவர் பிரம்மநாயகம் முப்பது ஆண்டுகள் மின்வாரியத்தில் இருந்தவர். எலக்ட்ரானைக் கம்பியில் அனுப்புவது அவர் தொழில். கம்பியில்லாமல் அனுப்புவது என்னுடையது. தத்தம் தொழிலில் அடுத்தவர் தலையிடுவதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். இன்று காலை அவர் அதை மீறிவிட்டார்.

"இந்தா, ரெண்டாயிரத்தாறு டைரி."

"எங்க இருந்துச்சு?"

"பரண்லதான். இருவது நாளா ஏணி சரியில்ல, ஏணி சரியில்லன்னுட்டு இருந்தியே. நான் ஸ்டூல்ல ஏறி எடுத்துட்டேன்."

"படிச்சியளா?"

"ஒரு பக்கம் பாத்தேன். கத்திரிக்கா கிலோ எட்டு ரூவான்னு எழுதியிருந்தே. அதுக்கு மேல படிக்க மனசு தாங்கல."

ஜனவரி 17ஆம் தேதிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "கிரீஸ் தீர்ந்துவிட்டது. கொள்முதல் கோப்பு இன்னும் நிதி அலுவலரிடம். ஞானதுரை வேறு எதையோ பூசிச் சமாளித்தார்." மாதிரிக் கரைசல் இருக்கும் கண்ணாடிக் குழாய்க்கும் அதைக் குளிர்விக்கும் செப்புக்கட்டைக்கும் நடுவே பூசுகிற கிரீஸ் அது. வெப்பமானி செப்புக்கட்டையில் இருக்கிறது, குழாயில் அல்ல. இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை ஒன்றின் குளிர்தான் மற்றதன் குளிர்.

அந்தப் பக்கத்தில் வேறு விசேஷம் இல்லை.

டைரியைப் பரணில் திரும்ப வைக்கவில்லை. மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் எலி இருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

ஞானதுரை எங்கள் ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளர். இருபத்து நான்கு ஆண்டுகளாக இருக்கிறார். கருவிகள் அவருக்குக் கட்டுப்படும். எங்களுக்குக் கட்டுப்படுவது போல நடிக்கும்.

"ஞானதுரை, ரெண்டாயிரத்தாறுல கிரீஸ் தீந்துபோச்சுல்லா. அப்பம் என்ன பூசினிய?"

"ஏ அம்மா! அதுக்கு இப்பமா மேடம் விசாரணை?"

"விசாரணை இல்ல. தெரிஞ்சுக்கிடணும்."

"வீட்டுக்காரி பித்தவெடிப்புக்குப் போடுத களிம்பு. டிபன் பையில கெடந்துச்சு. நல்லா வழுவழுன்னு இருக்கேன்னு பூசினேன். நீங்கதான் பாத்துட்டு, பிரமாதம், ஒட்டுதுன்னிய."

"நானா?"

"பின்ன, நானா? கிரீஸ் வார வரைக்கும் ஏழு மாசம் அதாம் ஓடுச்சு. மூணு டப்பா. அவளுக்குக் காலு வெடிச்சதுதாம் மிச்சம்."

குதிகால் வெடிப்புக்கான களிம்பு மைனஸ் அறுபதில் எப்படி நடந்துகொள்ளும் என்று மாலை முழுவதும் தேடினேன். குதிகாலைப் பற்றிப் பதினொரு ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன. எதிலும் விடை இல்லை. குதிகால் அந்த வெப்பநிலைக்குப் போவதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

களிம்பே வெடித்திருந்தால் குழாய் கட்டையிலிருந்து விலகி மைனஸ் அறுபதிலேயே நின்றிருக்கும். கட்டை மட்டும் தனியாக மைனஸ் நூற்றுத் தொண்ணூறு வரை போய்வந்திருக்கும். வெப்பநிலை மாறாத பொருளின் வேகமும் மாறாது. அதற்குக் குவாண்டம் தேவையில்லை.

இது ஊகம்தான். ஆனால் விசித்திரம்: பயமாக இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஆவலாக இருக்கிறது. இரண்டு தட்டு உப்புமா சாப்பிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

திரவ நைட்ரஜன் வரவில்லை. மதுரையிலிருந்து வந்த வண்டி கோவில்பட்டியில் பஞ்சர். நின்ற நேரத்தில் பாதி காற்றோடு போய்விட்டது. காற்றில் ஏற்கனவே முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான் என்பதால் ஊருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

பிப்ரவரி 14, வெள்ளி

ஒரு சிக்கல். எங்கள் கரைப்பான் மைனஸ் நூற்றுப் பத்துக்குக் கீழே இறுகிவிடும். ஆனால் இறுகினாலும் தண்ணீர் போலத் தெளிவாகவே இருக்கும். கருவியின் சன்னல் வழியே எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் திரவமா திடமா என்று சொல்ல முடியாது. வெளியே எடுத்துக் குலுக்கினால்தான் தெரியும். எடுத்தால் உருகிவிடும் என்று சொல்லிக்கொள்ளவும் இடம் இருக்கிறது.

ஞானதுரையிடம் சொன்னேன். காதைக் குடைந்துகொண்டே யோசித்தார்.

"உள்ள ஒரு பால்ரஸ் போட்டா?"

"சைக்கிள் பால்ரஸ்ஸா?"

"ஆமா. சின்னது. வெளிய காந்தத்தக் காட்டுவோம். ஓடுனா தண்ணி, ஓடலன்னா கட்டி. இதுக்கு எதுக்கு மேடம் பி.எச்.டி.?"

தெரியவில்லை என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

அதே களிம்பு. புதிய டப்பா. ஞானதுரையின் மனைவி இம்முறை எண்ணிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதே குழாய், அதே கரைப்பான், உள்ளே கடுகளவு எஃகுக் குண்டு. பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம். சன்னலில் ஞானதுரையின் கைபேசி, காணொளி எடுக்க.

மைனஸ் இருபது: ஓடியது. மைனஸ் ஐம்பது: ஓடியது, கொஞ்சம் சோம்பலாக. மைனஸ் அறுபத்தைந்தில் மெல்லிய சத்தம், அப்பளத்தை ஒடிப்பது போல. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மைனஸ் நூறு. நூற்றுப் பத்து. இங்கே நின்றிருக்க வேண்டும்.

"ஓடுது மேடம்."

நூற்று ஐம்பது.

"ஓடுதே!"

மைனஸ் நூற்றுத் தொண்ணூறு. காந்தத்தை மேலே கொண்டுபோனேன். குண்டு பின்னாலேயே வந்தது. காந்தத்தை எடுத்தேன். குண்டு இறங்கி அடியில் உட்கார்ந்தது. மறுபடி மேலே, மறுபடி கீழே. நான் அதைப் பதினேழு முறை செய்ததாக ஞானதுரை சொல்கிறார். சிரித்துக்கொண்டே செய்தேனாம்.

"மேடம், உங்க பேப்பர் போச்சுல்லா? இதுக்கா சிரிக்கிய?"

"இன்னொரு தடவ பாருங்க, எப்படி வருதுன்னு."

பிப்ரவரி 20, வியாழன்

சிவசைலத்திடம் காணொளியைக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார்.

"குண்டு நல்லா போகுது. இது எதுக்கு?"

விளக்கினேன். கதவைச் சாத்தினார்.

"இன்டர்வியூ முடியட்டும் மேடம்."

"அந்தப் பொண்ணுக்கு மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும்தான் டயம்."

"உங்களுக்குப் பன்னெண்டு. பன்னெண்டுக்கு அப்பறந்தான முப்பத்தொண்ணு வருது? ரெண்டையும் வரிசையா முடிச்சுக்கிடுங்களேன். நான் என்ன தப்பாவா சொல்லுதேன்?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"பேப்பர் தப்புன்னா தப்புதான், ஒத்துக்கிடுதேன். கல்லை என்ன மேடம் செய்ய?"

பிப்ரவரி 27, வியாழன்

இயற்பியல் துறையிடம் கடிதம் கொடுத்து, கட்டைவிரல் அளவு உண்மையான கிரீஸ் வாங்கினோம். குண்டு மைனஸ் நூற்றுப் பன்னிரண்டில் நின்றது. அப்புறம் எந்தக் காந்தத்துக்கும் மசியவில்லை. குண்டில்லாத குழாயில் எலக்ட்ரானின் வேகத்தை அளந்தேன். மைனஸ் அறுபதில் கோடு படுக்கவில்லை. சரிகிறது, பிரணிதாவின் கோட்டைப் போலவே.

அவளுடைய கருவியை அங்கே இன்னும் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதினேன். நகல் பிரணிதாவுக்கும் சிவசைலத்துக்கும். காரணம்: "மாதிரிக்கும் வெப்பமானிக்கும் இடையே தொடர்பு அறுந்திருந்தது." களிம்பின் பெயரைக் குறிப்பிடவில்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்யும், குதிகாலில்.

பிரம்மநாயகம், "அனுப்பியாச்சா?" என்றார். "அனுப்பியாச்சு" என்றேன். "அப்பம் காப்பி போடுதேன்" என்றார்.

மார்ச் 12, புதன்

நேர்காணல் ஒன்பது நிமிடம் நடந்தது. அதில் ஐந்து நிமிடம் சாதிச் சான்றிதழின் அசலைத் தேடுவதில் போயிற்று. பிறகு நானே முதல் பக்கக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டதைச் சொன்னேன். குழுத்தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதற்கு விண்ணப்பத்தில் எந்தக் கட்டம் என்று எழுத்தரைக் கேட்டார். கட்டம் இல்லை. இதுவரை யாரும் இப்படிச் செய்ததில்லையாம். கடைசியில் பதினைந்து மதிப்பெண்ணையும் பென்சிலால் அடித்தார்கள். பதவிக்கு எனக்கு நான்கு மதிப்பெண் குறைந்தது.

வெளியே வந்து இளநீர் குடித்தேன். வழுக்கை இல்லை.

மார்ச் 19, புதன்

பிரணிதாவின் கடிதம். கட்டுரையைத் திரும்பப் பெற்ற என் கடிதம் போதவில்லை. அவளுடைய வழிகாட்டியும் இதே கோட்டை வைத்துப் பேர் வாங்கியவர்; அதை விளக்க ஒரு கோட்பாடே எழுதியிருக்கிறார். களிம்பு 2025இல் வெடித்தது சரி, 2006இலும் வெடித்தது என்பதற்கு என்ன சான்று என்று கேட்கிறாராம். நியாயமான கேள்வி. ஆய்வுக்குழு 24ஆம் தேதி கூடுகிறது. முடியுமானால் நான் காணொளி வழியே வர வேண்டும். முடியாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறாள்.

அன்றைக்குச் சான்று கிடையாது என்று பதில் எழுதத் தொடங்கினேன். இரண்டு வரி எழுதி நிறுத்தினேன்.

மார்ச் 24, திங்கள்

திரையில் ஐந்து முகங்கள். பிரணிதாவை முதன்முறையாகப் பார்க்கிறேன். மெலிந்த பெண், மூக்குக்கண்ணாடி, பின்னால் சுவரில் தன் சரிகிற கோட்டைப் பெரிதாக அச்சிட்டு ஒட்டியிருந்தாள். கடைசியில், மைனஸ் நூற்றெழுபதுக்கு அப்பால், அது படுத்திருந்தது. அசல் படுக்கை. எலக்ட்ரான் மேட்டின் ஊடாகப் போவது உண்மைதான். 2006இல் நான் அந்தப் பக்கமே போனதில்லை.

பேச்செல்லாம் ஆங்கிலத்தில். குண்டு ஓடும் காணொளியைக் காட்டினேன். வழிகாட்டி மரியாதையாகக் கேட்டார்: "2006இல் மாதிரி உறையவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அன்று நீங்கள் பார்த்தீர்களா?"

இழுப்பறையைத் திறந்து டைரியை எடுத்தேன். பிப்ரவரி 2 அன்று, வேறு விசேஷம் இல்லை என்று இங்கே எழுதியிருக்கிறேன். இருந்தது. ஜனவரி 17, அதே பக்கம், கடைசி மூன்று வரிகள். தமிழில் வாசித்துவிட்டு மொழிபெயர்த்துச் சொன்னேன்: "கருவி மைனஸ் நூற்றுத் தொண்ணூறில் இருக்கும்போதே குழாயை வெளியே எடுத்தேன். உள்ளே திரவம் ஆடியது. எடுத்த வேகத்தில் உருகியிருக்கும்."

"உருகியிருக்கும் என்று நம்பினீர்களா?"

"நம்பவில்லை. எழுதினேன்."

ஒருவர் தன் ஒலிவாங்கியை அணைத்தார், ஏற்கனவே அணைந்திருந்ததை. பத்தொன்பது ஆண்டுகள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. வழிகாட்டி தன் காகிதங்களை அடுக்கினார். நீண்ட நேரம் அடுக்கினார்.

அப்போது பிரணிதா, மன்னிக்க வேண்டும், ஒரு கேள்வி என்றாள். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாள் என நினைத்துப் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஆடியது என்றால் எப்படி ஆடியது மேடம்? தண்ணீர் போலவா? கடுகெண்ணெய் போலவா?"

கண்ணை மூடிக்கொண்டேன். கையில் குழாய், பிற்பகல், மின்விசிறிச் சத்தம். "நல்லெண்ணெய் போல" என்றேன். அவளுக்கு நல்லெண்ணெய் தெரியவில்லை. எள் எண்ணெய் என்றதும் எழுதிக்கொண்டாள். "அப்படியானால் வெப்பநிலையைக் கணக்கிடலாம். அந்தக் குண்டு காணொளியை அனுப்ப முடியுமா?" என்றாள். அவள் முகத்தில் என் குற்றத்துக்கு இடமே இல்லை. வேறு வேலை இருந்தது.

ஆய்வேட்டைக் கொடுக்கலாம் என்று குழு முடிவு செய்தது. வழிகாட்டியும் கையெழுத்திட்டார். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது என்றாள்.

மார்ச் 29, சனி

பிரணிதா ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் முன்னதாகவே.

காணொளியை ஒவ்வொரு படமாக நிறுத்தி, குண்டு இறங்கும் நேரத்திலிருந்து கரைப்பானின் கெட்டித்தன்மையையும், அதிலிருந்து வெப்பநிலையையும் கணக்கிட்டிருக்கிறாள்: மைனஸ் அறுபத்து நான்கு, ஒரு டிகிரி முன்பின்னாக. ஆக, என் முப்பத்தெட்டுப் புள்ளிகளும் ஒரே புள்ளி. ஒரே வெப்பநிலையை ஏழு மாதம் முப்பத்தெட்டு முறை அளந்திருக்கிறேன். வேகத்தை இவ்வளவு துல்லியமாக அளந்த புள்ளி இந்தத் துறையிலேயே வேறு இல்லை என்கிறாள். தன் வரைபடத்தில் சேர்த்திருக்கிறாள். அடிக்குறிப்பில் என் பெயர், 2006, மாதிரியின் வெப்பநிலை திருத்தப்பட்டது.

உருப்பெருக்கிப் பார்த்தேன். அவளுடைய கோட்டின் மேல் அது உட்காரவில்லை. மிகச் சிறிதளவு மேலே நிற்கிறது. பிழை வரம்புக்கு வெளியே. எழுதிக் கேட்டேன்; அவளும் கவனித்திருக்கிறாள், அவளுக்கும் தெரியவில்லை.

களிம்பு காரணமாக இருக்க முடியாது. குழாயின் கண்ணாடியா? வெளிச்சமா? ஞானதுரைக்கு இன்று விடுமுறை. போன் செய்தேன். பத்து நிமிடத்தில் வருவதாகச் சொன்னார்.